கணக்கில் வராத சரக்கு: 2003 இராக் போரும் ஆயுத ஆய்வும்

இழையைத் தொடங்கிய கேள்வி
2023 மார்ச் 19

"இருபது வருஷம் ஆச்சு, இன்னும் 'இராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று பொய் சொல்லி அமெரிக்காவும் பிரிட்டனும் போருக்குப் போனார்கள்' என்றே பாட்டுப் பாடுகிறீர்கள். 1991-லிருந்து 12 வருஷம் சதாம் ஐ.நா. ஆய்வாளர்களை அலைக்கழித்தார். வாசலில் நிறுத்தினார், காகிதத்தைப் பிடுங்கினார், பொய்ப் பட்டியல் கொடுத்தார். ஒளிக்க ஒன்றுமே இல்லாதவன் ஏன் அப்படி நடந்துகொள்ள வேண்டும்? இதற்கு யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள்."

2023 மார்ச் 19, இரவு 10.40

ஒளித்தார் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. 1991 ஜூனில் பலூஜா பக்கத்தில், யுரேனியம் செறிவூட்டும் கால்யூட்ரான் இயந்திரங்களை லாரிகளில் ஏற்றிப் பின்வாசல் வழியாகக் கிளப்பிக்கொண்டு போனார்கள். துரத்திப் போய்ப் படம் எடுத்த ஆய்வாளர்களை விரட்ட வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். அதே செப்டம்பரில், அணு ஆயுதத் திட்டத்தின் காகிதங்களைக் கைப்பற்றிவிட்ட 44 ஆய்வாளர்களை பாக்தாத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் நாலு நாள் நகரவிடாமல் வைத்திருந்தார்கள். அந்தக் குழுவின் தலைவர் டேவிட் கே. பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

எனக்கு இடிக்கிற இடம் வேறு. 1991-இன் நடத்தையைக் காட்டி 2003-இன் சரக்கை நிரூபிக்கப் பார்க்கிறீர்கள். நடுவில் ஐ.நா.வின் ஆயுத ஆய்வுக் குழுவான அன்ஸ்காம் ஏழு வருஷத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்திருக்கிறது. 38,000-க்கு மேற்பட்ட ரசாயன குண்டுகளும் 690 டன் ரசாயனமும் அவர்கள் கண் முன்னால் அழிந்தன. இராக்கிடம் இருந்த 819 ஸ்கட் ஏவுகணைகளில் 817-க்குக் கணக்கு கிடைத்துவிட்டது. 1991 போரில் விமானம் போட்ட குண்டுகளைவிட, கிளிப்போர்டோடு போனவர்கள் அழித்தது அதிகம்.

2023 மார்ச் 19, இரவு 11.05

'12 வருஷம்' என்பதும் சரியில்லை. 1998 டிசம்பர் 16-இல் அன்ஸ்காம் தலைவர் ரிச்சர்ட் பட்லர் தன் ஆட்களை வெளியே கூப்பிட்டுக்கொண்டார். அன்றே அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட ஆரம்பித்தன. அப்புறம் சதாம் அந்த ஆய்வாளர்களை உள்ளே விடவில்லை. 2002 நவம்பர் 27 வரை அங்கே ஆயுத ஆய்வே கிடையாது. அந்த நாலு வருஷத்தையும் சேர்த்து எண்ணுகிறீர்கள்.

2023 மார்ச் 20, காலை

ராத்திரி சொல்லாமல் விட்டது: நான் ஸ்டோர்ஸ்காரன். போர் நேரத்தில் குவைத்தில், ஷுவைக் பக்கம் கட்டுமான ரசாயனம் விற்கிற ஒரு கம்பெனியின் கிடங்கில் இருந்தேன். புத்தகத்தில் 40 டிரம், தரையில் 37 டிரம். இந்த மூன்று டிரம்மைப் பற்றிப் பேசியே என் வாழ்க்கையில் பாதி போயிருக்கிறது. கசிந்ததா, காலாவதி என்று யாராவது கொட்டினார்களா, வரும்போதே குறைந்து வந்ததா, திருடு போனதா? நாலும் நடக்கும். கொட்டினவன் ஒரு துண்டுச் சீட்டு எழுதி, சூப்பர்வைசர் கையெழுத்து வாங்கி வைத்திருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால் ஆடிட்டர் முன்னால் நாம் பேசுவது எல்லாமே கதைதான்.

ஆனால் எந்த ஆடிட்டரும் 'கணக்கில் மூன்று டிரம் வரவில்லை' என்றுதான் எழுதுவார். 'ஸ்டோர்கீப்பர் வீட்டில் மூன்று டிரம் இருக்கிறது' என்று எழுத மாட்டார். ஐ.நா. அறிக்கைகளில் 'கணக்கில் வராதது' என்று இருந்ததை வாஷிங்டனும் லண்டனும் 'கையிருப்பு' என்று படித்தன. என் வாதம் மொத்தமும் இவ்வளவுதான்.

2023 மார்ச் 20, மதியம்

மதுரைத் தம்பி கேட்டிருக்கிறார்: "அழித்ததற்கு ரசீது வைக்காதது இராக்கின் தப்புதானே அண்ணே?"

தப்புதான் தம்பி. 1991 கோடையில், ஆய்வாளர்களுக்குச் சொல்லாமல், பெரும்பகுதியை அவர்களே ரகசியமாக அழித்தார்கள். எல்லாவற்றையும் காட்டினால் திட்டம் எவ்வளவு பெரியது என்று தெரிந்துவிடும் என்ற கணக்கு. காகிதத்தையும் சேர்த்து அழித்தார்கள், அல்லது அப்படிச் சொன்னார்கள். பின்னால் 'அழித்துவிட்டோம்' என்றபோது யார் நம்புவார்கள்?

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். ஆறு அணுகுண்டு செய்து, கலைத்துவிட்டு, 1993 மார்ச்சில் அதிபர் டி கிளர்க் நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னார். சர்வதேச அணுசக்தி முகமை உள்ளே போய்ப் புத்தகத்தையும் யுரேனியத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தது. கேட்ட கதவெல்லாம் திறந்தார்கள். இராக்குக்கு இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லிக்கொடுக்க 2003 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்க நிபுணர்களே பாக்தாத் போனார்கள்! ரொம்பத் தாமதம்.

2023 மார்ச் 20, இரவு

'கணக்குப் பார்ப்பது வெறும் குமாஸ்தா வேலை, அதனால் எதுவும் பிடிபடாது' என்று கோவைக்காரர் கிண்டல் செய்திருக்கிறார். என் தொழிலைச் சொன்னால் விட மாட்டேன்.

இராக்கின் கிருமி ஆயுதத் திட்டம் பிடிபட்டதே கணக்கில்தான். நுண்ணுயிர் வளர்க்கும் ஊடகம் என்று ஒரு சரக்கு; ஆஸ்பத்திரி லேபில் தொண்டைச் சளியை எடுத்துத் தடவி வைப்பார்களே, அது. 1988 வாக்கில் இராக் வெளிநாட்டிலிருந்து டன் கணக்கில் இறக்கியிருந்தது. கேட்டால் ஆஸ்பத்திரிக்கு என்றார்கள். அன்ஸ்காம் விற்ற கம்பெனிகளின் பில்களைத் தேடி எடுத்தது. சுமார் 39 டன். நாட்டின் எல்லா ஆஸ்பத்திரியும் சேர்ந்து பல வருஷம் செலவழித்தாலும் தீராத அளவு. அதிலும் வாங்கியது பெரிய டிரம்களில். லேபுக்கு வாங்குகிறவன் சின்ன டப்பாவில்தான் வாங்குவான், ஏனென்றால் திறந்து வைத்தால் கெட்டுப்போகும். ஸ்டோர்ஸில் இருந்த எவனுக்கும் அந்த பேக்கிங் சைஸைப் பார்த்ததுமே மூக்கு வியர்க்கும். 17 டன் எங்கே என்ற கேள்விக்குப் பதில் இல்லை. 1995 ஜூலை 1-ஆம் தேதி, ஆமாம், கிருமி ஆயுதம் தயாரித்தோம் என்று ஒப்புக்கொண்டார்கள். அடுத்த மாதம் சதாமின் மருமகன் ஹுசைன் கமால் ஜோர்டானுக்கு ஓடினார்; அதற்கப்புறம் ஒரு கோழிப் பண்ணையில் இருந்து பெட்டி பெட்டியாகக் காகிதம் வந்தது. கிருமி தயாரித்த அல் ஹக்கம் தொழிற்சாலையை 1996-இல் வெடி வைத்துத் தரைமட்டமாக்கினார்கள்.

கமாலைப் பற்றி இன்னொன்று. 'மருமகனே காட்டிக்கொடுத்தார்' என்று போர் ஆதரவாளர்கள் நிறையச் சொன்னார்கள். அதே மருமகன் ஜோர்டானில் ஐ.நா. ஆய்வாளர்களிடம் கொடுத்த அதே பேட்டியில், ஆயுதங்களை அழிக்க நான்தான் உத்தரவு போட்டேன், ஒன்றும் மிச்சமில்லை என்றும் சொல்லியிருந்தார். அந்தப் பாதி போருக்குச் சில வாரம் முன்புதான் பத்திரிகைக்கு வந்தது. அவர் 1996 பிப்ரவரியில் மன்னிப்பை நம்பி ஊர் திரும்பி, சில நாளில் கொல்லப்பட்டார்.

2023 மார்ச் 21

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். 1995-இல் கணக்கு இடித்தது, தோண்டினார்கள், சரக்கு வந்தது. அப்படியானால் 2003-இலும் கணக்கு இடித்தபோது சந்தேகப்பட்டது நியாயம்தானே என்று இழையைத் தொடங்கியவர் கேட்கலாம். கேட்கட்டும். சந்தேகம் முழுக்க நியாயம். ஹலப்ஜாவில் 1988 மார்ச் 16-இல் குர்துகள் மேல் விஷவாயு போட்ட அரசு அது. போருக்கு முந்தைய ஐ.நா. ஆய்வுக் குழுவின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸே உள்ளுக்குள் ஏதோ இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனார். பின்னாளில் அவரே அப்படிச் சொல்லியிருக்கிறார். சந்தேகம் இருந்தால் தோண்ட வேண்டும். 2003-இல் தோண்டிக்கொண்டிருந்தவனின் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கிவிட்டார்கள்.

அல் அசீசியா என்ற இடத்தில் நிஜமாகவே தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 1991-இல் உடைத்துப் புதைத்ததாகச் சொன்ன கிருமி குண்டுகளை 2003 பிப்ரவரியில் இராக்கியர் வெளியே எடுக்க, பிளிக்ஸின் குழுவான அன்மோவிக் (அன்ஸ்காமுக்கு அடுத்து வந்தது) எண்ணிக்கொண்டிருந்தது. மார்ச் 7 வரை எட்டு முழு குண்டு, அதில் இரண்டு உள்ளே திரவத்தோடு. பன்னிரண்டு வருஷம் முந்தைய சாம்பலை வைத்துக் கணக்கு டாலி ஆகிக்கொண்டு வந்தது.

2023 மார்ச் 21, பின்னிரவு

எண்கள் கேட்டவருக்கு. 2002 நவம்பர் 27 முதல் 2003 மார்ச் 18-இல் வெளியேறும்வரை 731 ஆய்வு, 411 இடம். அதில் 88 இடம் அதுவரை யாரும் போகாதது. இராக்கின் அல் சமூத் 2 ஏவுகணை ஐ.நா. அனுமதித்த 150 கிலோமீட்டரைத் தாண்டி ஒரு சோதனையில் 183 போயிருந்தது. அழி என்றார் பிளிக்ஸ். மார்ச் 1-இல் இருந்து புல்டோசர் ஏற்றி நசுக்கினார்கள், சுமார் 70 போயிற்று. மார்ச் 7-இல் பாதுகாப்பு சபையில் பிளிக்ஸ், "பல்குச்சி ஒடிப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, உயிர் குடிக்கும் ஆயுதங்கள் அழிகின்றன" என்றார். இன்னும் எவ்வளவு காலம் வேண்டும் என்றதற்கு, வருஷங்களும் வேண்டாம், வாரங்களும் போதாது, மாதங்கள் என்றார். கிடைத்தது பதினோரு நாள்.

2023 மார்ச் 22

வக்கீல் சார், ஆய்வாளர்களை மறுபடி அனுப்பிய பாதுகாப்பு சபையின் 2002 நவம்பர் 1441-ஆம் தீர்மானத்தைக் கையில் எடுத்திருக்கிறார். 15-க்கு 15 ஓட்டு, சிரியா உள்பட. கடைசி வாய்ப்பு, கடும் விளைவு என்றெல்லாம் அதில் இருக்கிறது. எல்லாம் சரி சார். ஆனால் ஓட்டுப் போட்ட அன்றே அமெரிக்கத் தூதர் நெக்ரோபோன்ட்டே, இதில் தானாகப் போர் தொடங்கும் விசை எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று சபையில் சொன்னார். மற்றவர்கள் அதை நம்பிக் கை தூக்கினார்கள். போதுமான அதிகாரம் அதிலேயே இருந்திருந்தால் போருக்கு வழிவிடும் இரண்டாவது தீர்மானத்துக்காகச் சபை உறுப்பினர்களான அங்கோலா, கேமரூன், கினி, சிலி, மெக்சிகோ, பாகிஸ்தான் வாசலில் எல்லாம் போய் ஏன் நிற்க வேண்டும்? ஓட்டுத் தேறாது என்று தெரிந்ததும் மார்ச் 17-இல் அதைச் சுருட்டி வைத்தார்கள்.

உங்கள் தொழில் சங்கதி ஒன்று, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித் மார்ச் 7-இல் பிரதமருக்கு 13 பக்கம் எழுதினார்: வாதாடலாம், ஆனால் இரண்டாவது தீர்மானம் வாங்குவதே பத்திரம் என்கிற தொனி. பத்தே நாளில் நாடாளுமன்றத்துக்குப் போன அவருடைய பதிலில் அந்த இழுபறி எதுவுமே இல்லை, சட்டப்படி சரி என்று ஒரு சின்னக் குறிப்பு. கட்சிக்காரர் கேட்டபடி ஒப்பினியன் எழுதுகிற சீனியர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிரிட்டிஷ் அமைச்சர் ராபின் குக் அன்றே பதவியை விட்டார்.

2023 மார்ச் 22, சாயங்காலம்

சார் பதில் போட்டுவிட்டார். "படை பலத்தை அனுமதித்த 1990-இன் 678-ஆம் தீர்மானம் உயிரோடு இருக்கிறது, 1991 போர்நிறுத்தத்துக்கான 687-இன் நிபந்தனையை மீறினால் அது மறுபடி எழும் என்பது வாதமே இல்லை என்று சொல்ல முடியாது." நான் வாதமே இல்லை என்று எங்கே சொன்னேன்? மீறினான் என்று தீர்மானிப்பது யார் என்பதுதான் தகராறு. சபை கொடுத்த அனுமதியைச் சபைதான் தூசு தட்டி எடுக்க வேண்டும். இரண்டு உறுப்பினர்கள் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் 2004 செப்டம்பரில் சட்டவிரோதம் என்றே சொன்னார்.

2023 மார்ச் 23

இராக்கிடம் ஆயுதம் இருக்கிறது என்று பாதுகாப்பு சபையில் வாதாடிய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பவல். இதைத் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் அதை நான் நேரலையில் பார்த்தேன். 2003 பிப்ரவரி 5, குவைத்தில் சாயங்காலம், கடைப் பையனிலிருந்து முதலாளி வரை டீவி முன்னால். பின்னால் சி.ஐ.ஏ. தலைவர் டெனட் சாட்சிக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். பவல் சின்னக் குப்பி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். எங்கள் ரூமில் இருந்த எல்லோருக்கும் பயம் வந்தது, எனக்கும்தான். ஏவுகணை வந்தால் முதலில் விழுவது எங்கள் தலையில் அல்லவா?

அதில் இருந்தவை ஒவ்வொன்றாக உதிர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். நடமாடும் கிருமி லேப் கதை பெரும்பாலும் ஜெர்மன் உளவுத்துறையிடம் இருந்த 'கர்வ்பால்' என்கிற ஒரே ஆளை நம்பியது. போருக்கு முன் அமெரிக்கர்கள் அவரை நேரில் விசாரித்ததுகூட இல்லை. 2011-இல் அவரே கட்டிவிட்டேன் என்றார். அணுகுண்டுத் திட்டத்துக்கு என்று காட்டிய அலுமினியக் குழாய் 81 மில்லிமீட்டர் ராக்கெட்டுக்கு வாங்கியது. அமெரிக்க எரிசக்தித் துறை நிபுணர்களே யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜுக்கு ஒத்துவராது என்று எழுதியிருந்தார்கள். ஆப்பிரிக்காவில் (நைஜரில்) இராக் யுரேனியம் வாங்கப் பார்த்தது என்ற கதை பவலின் பேச்சில் இல்லை, புஷ்ஷின் ஜனவரி உரையில்தான் இருந்தது, இரண்டையும் இங்கே பலர் குழப்புகிறார்கள். நைஜர் கதைக்கு ஆதாரமாகக் காட்டிய காகிதங்கள் அசல் இல்லை என்று மார்ச் 7-இல் அணுசக்தி முகமைத் தலைவர் எல்பரதேய் போட்டு உடைத்தார்.

செயற்கைக்கோள் படம் ஒன்றில், ஆய்வாளர் வருவதற்கு முன்னால் சரக்கை அப்புறப்படுத்துகிறார்கள் என்றார் பவல். ஒன்பது நாள் கழித்து பிளிக்ஸ், அந்த இரண்டு படத்துக்கும் நடுவில் சில வாரம் இடைவெளி, அது தினசரிப் போக்குவரத்தாகவும் இருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். கிடங்கு வாசலில் லாரி நிற்பதெல்லாம் குற்றம் என்றால் நான் எப்போதோ உள்ளே போயிருப்பேன்.

2023 மார்ச் 23, இரவு

குவைத் என்றதும் மூன்று பேர் கதை கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக. ஒரு அறையைத் தேர்ந்தெடுத்து ஜன்னலுக்கு பிளாஸ்டிக் விரித்து டேப் ஒட்டச் சொன்னார்கள். கடையில் டேப் தீர்ந்துபோனது; எங்கள் கிடங்கில் பேக்கிங் டேப் பெட்டி பெட்டியாக இருந்ததால் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் என்னைத் தேடி வந்தார்கள். (அதை எந்தக் கணக்கில் எழுதினேன் என்று கேட்காதீர்கள்.) வாயு முகமூடி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஈரத் துண்டும் பேக்கிங் சோடாவும் போதும் என்று ஒரு மலையாளி நண்பர் செய்முறை சொல்லிக் கொடுத்தார். மார்ச் 20-இலிருந்து சைரன் வர ஆரம்பித்தது. விழுந்ததெல்லாம் ஸ்கட் என்று முதலில் செய்தி. ஒன்றுகூட ஸ்கட் இல்லை. 29-ஆம் தேதி பின்னிரவில் சூக் ஷர்க் மால் பக்கம் விழுந்தது சீனத் தயாரிப்பான கப்பல் எதிர்ப்பு ஏவுகணை. ரசாயனம் எதிலும் இல்லை.

2023 மார்ச் 24

இப்போது என் தரப்புக்கே ஒரு உதை. எல்லையில் படை நிற்காவிட்டால் சதாம் ஒரு கதவையும் திறந்திருக்க மாட்டார். பிளிக்ஸும் இதை மறுத்ததில்லை. போர் வேண்டாம், ஆய்வு போதும் என்று பேசியவர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிட்டுப் போவார்கள். அந்த மிரட்டலின் தயவில்தான் ஆய்வு நடந்தது.

ஆனால் மிரட்டலுக்குக் கூட்டி வந்த படையே ஆய்வின் கழுத்தைப் பிடித்தது. வடக்கே அப்தாலி ரோடு பக்கம் சிவிலியன் வண்டி போக முடியாது, கான்வாய் கான்வாயாக ராணுவம். இரண்டு லட்சத்துக்கு மேல் ஆளைக் கொண்டுவந்து பாலைவனத்தில் இறக்கிவிட்டு, 'மாதங்கள் வேண்டும்' என்பதை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? குவைத்தில் மார்ச் மாதம் ஏசி இல்லாமல் கார் ஓட்டலாம். மே கடைசியில் இரும்புக் கதவைக் கையால் தொட முடியாது. அந்த வெயிலில் ரப்பர் வைத்த ரசாயனக் கவசத்தோடு சண்டை போட முடியாது என்பது ராணுவக் கணக்கு. ஆய்வு எப்போது முடிய வேண்டும் என்பதை வெயில் தீர்மானித்தது.

2023 மார்ச் 24, சற்றுப் பின்

கோவைக்காரர்: "வெயிலுக்குப் பயந்து போர் தொடுத்தார்கள் என்கிறீர்களா!" சிரிப்புப் பொம்மைக்கு நன்றி. அதை மட்டும் சொல்லவில்லை. 2002 ஜூலை 23-இல் லண்டனில் பிரதமர் அறையில் நடந்த கூட்டத்தின் குறிப்பு பிறகு கசிந்தது. கொள்கையை ஒட்டி உளவுத் தகவல்கள் பொருத்தப்படுகின்றன என்று வாஷிங்டன் போய்வந்த உளவுத் தலைவர் சொன்னதாக அதில் இருக்கிறது. ஆய்வாளர்கள் பாக்தாத்தில் கால் வைக்க இன்னும் நாலு மாதம் இருந்தபோது நடந்த கூட்டம் அது.

2023 மார்ச் 26

டேவிட் கே வருவார் என்றேன். படையெடுப்புக்கு அப்புறம் ஆயுதத்தைத் தேட ஆயிரம் பேருக்கு மேற்பட்ட குழுவோடு அமெரிக்கா அனுப்பியது அவரைத்தான். கார் நிறுத்துமிடத்தில் நாலு நாள் கிடந்தவர், சதாம் மேல் இரக்கம் வர எந்தக் காரணமும் இல்லாதவர். 2004 ஜனவரி 28-இல் செனட் குழு முன்னால் போய், நாம் கிட்டத்தட்ட எல்லோருமே தவறாகக் கணித்தோம் என்றார். அவருக்குப் பின் அந்தக் குழுவின் தலைவராக வந்த டூல்ஃபரும் அதே முடிவுக்குத்தான் வந்தார்.

இழையைத் தொடங்கியவருக்கு நேரான பதில் டூல்ஃபர் குழுவின் அறிக்கையில்தான் இருக்கிறது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் அப்படி நடந்தான்? ஒரு காரணம் ஈரான்: ஆயுதம் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியக் கூடாது. இன்னொன்று, ஆய்வாளர் கூட்டத்தில் உளவாளி இருப்பான் என்ற பயம். அது வீண் பயமும் இல்லை, அன்ஸ்காமை அமெரிக்க உளவுத்துறை பயன்படுத்திக்கொண்டது 1999-இல் வெளியே வந்தது.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. காணாமல் போன ஆந்த்ராக்ஸ் என்று உலகமே கேட்டதே, அதில் ஒரு பகுதியை 1991-இல் ராத்வானியாவில் சதாமின் அரண்மனை வாசல் பக்கத்திலேயே கொட்டிவிட்டார்கள். கொட்டினவர்களுக்கு ஐ.நா.வை விட சதாம் மேல் பயம். 'அய்யா, உங்கள் வாசலில் ஆந்த்ராக்ஸ் கொட்டினோம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்க எந்த ஸ்டோர்கீப்பர் துணிவான்? அதனால் சீட்டு இல்லை, கணக்கும் இல்லை. பன்னிரண்டு வருஷம் வாயே திறக்கவில்லை.

2023 மார்ச் 27

"சதாம் போனது நல்லதுதானே" என்று புதிதாக வந்திருப்பவர் கேட்கிறார். அது தனி வழக்கு, தனி இழை போடுங்கள், வருகிறேன். ஹலப்ஜாவுக்காகப் போர் தொடுப்பதானால் 1988-இல் தொடுத்திருக்க வேண்டும். அன்றைக்கு அமெரிக்கா பாக்தாத்துக்குக் கோதுமைக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் இராக்கிய சிவிலியன்கள் செத்ததற்குப் பிறகு காரணத்தை மாற்றிச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். சில்காட் விசாரணை 2016 ஜூலையில் எழுதியது: அமைதி வழிகள் தீரும் முன்பே படையெடுப்பில் சேர்ந்தோம், அந்த நேரத்தில் ராணுவ நடவடிக்கை கடைசி வழியாக இருக்கவில்லை. இது பிரிட்டிஷ் அரசே அமைத்த குழு.

2023 மார்ச் 29

தம்பி கேட்ட கடைசிக் கேள்வி: போர் ஆரம்பித்த பிறகு அன்மோவிக் என்ன ஆயிற்று? மார்ச் 19-இல்கூட பிளிக்ஸ் பாதுகாப்பு சபையில் மிச்சமிருக்கிற வேலைத்திட்டத்தைத் தாக்கல் செய்தார், சில மணி நேரத்தில் குண்டு விழுந்தது. அமெரிக்கா அவர்களைத் திரும்ப உள்ளே விடவில்லை. நியூயார்க்கில் அலுவலகம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, சம்பளம் இராக்கின் எண்ணெய்ப் பணத்திலிருந்து. 2007 ஜூன் 29-இல் 1762-ஆம் தீர்மானம் போட்டு மூடினார்கள்.